பியர்ப் பெட்டியும் பெரியப்பாவின் நடையும்

லொங்குய் என்ற ஊரில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நீளமான ஃபிரீசர் ஒன்று இருந்தது. பக்கத்து ஊரான புரோசார்ட்டின் சீனக் கடையில் வாங்கும் மீனையும் நண்டையும் அம்மா அதில்தான் வைப்பார். ஒரு கோடையில் அப்பா அதை அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் வேலை. அங்கே குழாயைத் திருப்பினால் பியர் வருவதைப் பார்த்துப் பார்த்து, அப்படி ஒன்று வீட்டிலும் வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஃபிரீசரின் மூடியைக் கழற்றி, பெட்டியின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம் வைத்து, அதற்கு மேல் மூடியைத் திரும்பப் பூட்டினார். சட்டத்தில் இரண்டு துளை, துளைக்கு ஒரு குழாய். பெட்டியின் பக்கச் சுவரில் துளைத்தால் உள்ளே ஓடும் குளிர்க்குழாய் உடைந்துவிடும், மரத்தில் துளைத்தால் பயமில்லை என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். பியர் உறையாமல் இருக்க, குளிர் கூடினால் கரண்டை நிறுத்தும் சின்னக் கருவி ஒன்றையும் பொருத்தினார். உள்ளே ஒரு பியர்ப் பீப்பாவும், பியரைக் குழாய்க்குத் தள்ளும் காஸ் சிலிண்டரும். முதல் கிளாஸ் முழுவதும் நுரைதான் வந்தது.

"உந்த நுரைக்கோ என்ர மீனைத் தூக்கி வெளியில போட்டனீங்கள்?" என்றார் அம்மா.

அந்த மார்கழியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பாவுக்கு விசா கிடைத்தது. அப்பாவின் ஒரே அண்ணன். பதினேழு வருடத்துக்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தங்கிப்போக வருகிறார். சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அடுத்த நாளே பயமும் பிடித்துக்கொண்டது. பத்தொன்பது வயதில் அப்பா ஒருநாள் கள்ளுக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். பெரியப்பா அடிக்கவில்லை, ஏசவில்லை. மூன்று மாதம் கதைக்காமல் விட்டார். ஆறு கிழமையும் அப்படிப் போய்விட்டால் என்ன செய்வது? நாற்பத்தைந்து வயது மனிதர், தலையில் பாதி நரை, அண்ணன் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி ஆகிவிடுவார்.

ஆகவே குழாய்களின் கைப்பிடிகள் கழன்று அரிசி வாளிக்குள் போயின. பெட்டியின் முன்பக்கத்தை மறைத்து மேசைவிரிப்பு ஒன்று தொங்கியது. பியரைக் கொட்டிவிடத்தான் அப்பாவுக்கு மனம் வரவில்லை.

வந்த அன்றைக்கே பெரியப்பா வீடு முழுவதும் சுற்றிப் பார்த்தார். அவர் இருபது வருடம் ஐஸ் பக்டரியில் வேலை செய்தவர் என்பதை எல்லோரும் மறந்துபோனோம். பெட்டியின் பின்பக்கத்தில் மரச்சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். மோட்டார் ஓடுவதையும் நிற்பதையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மரப்பொருத்து வலு திறம். ஆர் செய்தது?"

"வாங்கேக்கையே அப்பிடித்தான் அண்ணை," என்றார் அப்பா. தான் செய்த வேலையைப் புகழ அவருக்கு வேண்டியிருந்த ஒரே ஆள் அந்த அண்ணைதான். பாவம், நான்தான் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மாலை நாலரைக்கு, அப்பா வேலையால் வந்த கையோடு, பெரியப்பா அப்பாவின் பழைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வெளிக்கிடு பிள்ளை, ஒரு நடை நடந்திட்டு வருவம்."

எனக்கு ஒன்பது வயது. பிறகு அதுவே தினமும் வழக்கமாகிவிட்டது. தெருமுனைச் சில்லறைக் கடையான தெப்பனருக்குப் போய் எனக்குச் சிப்ஸ் வாங்கித் தருவார். கடைக்காரருக்குப் பிரெஞ்சில் நன்றியாக மெர்சி சொல்வார். பனியில் மூக்கு விழுந்துவிடும் போல இருக்கும். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் என் கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பார். "அம்பது நிமிசம்தானே ஆச்சு. இன்னொருக்காச் சுத்துவம்." இந்தக் கிழவனுக்கு என்ன விசர் என்று எனக்குள் திட்டுவேன். வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி இருமி, சப்பாத்துப் பனியை அடித்து அடித்து உதறிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். உள்ளே அப்பா, பேஸ்மென்ட் படியேறி வந்த மூச்சோடு, வாய் மணக்கக் கராம்பை மென்றபடி டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் கிழமை தெப்பனர் வாசலில் பெரியப்பா வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு உடைந்து பிளாஸ்டர் போட்டார்கள்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை, உந்தக் குளிருக்கை?" அப்பா கத்திவிட்டார். பிறகு தன் குரலுக்குத் தானே பயந்துபோனார்.

"சும்மா இருந்தாக் கால் விறைக்குதடா," என்றார் பெரியப்பா.

அடுத்த நாள் நாலரைக்கு, பிளாஸ்டர் கையோடு, மனிதர் திரும்பவும் வெளிக்கிட்டார். உடைந்தது கைதானே, கால் இல்லையே என்று நியாயம் வேறு. அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"நானும் வாறன்."

"நீ களைச்சு வந்தனி, வீட்டில இரு. எனக்குத் துணைக்குப் பிள்ளை காணும்."

"இல்லை அண்ணை. திரும்ப விழுந்தியளெண்டால்?"

அப்பாதான் வென்றார். அண்ணனின் முழங்கையைப் பிடித்தபடி தினமும் அவர் போக, நான் வீட்டில் கிடந்தேன். எனக்கு நடையும் இல்லை, சிப்ஸும் இல்லை. அம்மா ஜன்னலால் அவர்களைப் பார்த்து, "ரெண்டும் விசருகள்" என்று சொல்லிச் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நாலாம் நாள் பெரியப்பாவிடமே போய்க் கேட்டேன். "அப்பாவை விடுங்கோ, நான் வாறன்."

பெரியப்பா பெருமூச்சு விட்டார். "கொப்பர் வீட்டில நிண்டாத்தானே பிள்ளை, நான் நடக்கிறதில ஒரு பிரயோசனம்."

அது எனக்குச் சாதகமாகக் கிடைத்த தீர்ப்பு என்று நினைத்தேன். வாசலில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய் அதை அப்படியே ஒப்புவித்தேன். "நீங்கள் வீட்டில நிக்கோணுமாம். நிண்டாத்தான் தான் நடக்கிறதில பிரயோசனமாம்."

அப்பாவின் கை நின்றுவிட்டது. முகம் சிவந்தது. எனக்குப் பின்னால் வந்த அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா தொப்பியைச் சரிசெய்கிறவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா மற்றச் சப்பாத்தையும் கட்டினார். எழுந்துபோய் அண்ணனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ அண்ணை," என்றார். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

அன்றைக்கு அவர்கள் திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அப்பாவுக்கு விளங்கவில்லையே என்று நான் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தேன்.