ஏழு பேர், நானூற்று ஐம்பத்தைந்து கிலோ

1. தராசு

2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, காலை 6.10. மழை இல்லை. மேகம் தாழ நின்றது, காற்று அசையவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மொத்தக் கடையின் பிளாட்பாரத் தராசில் ஏழு ஆண்களை ஒவ்வொருவராக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அந்தத் தெருவில் மூட்டை தூக்கும் நீலச்சட்டைத் தொழிலாளர்கள். கூட்டுத்தொகை 461.6 கிலோ வந்தது. மறுபடி கூட்டினேன். மாறவில்லை. தராசின் மேல் சந்தேகம் வந்து இருபது கிலோ படிக்கல்லை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

ஓணத்துக்கு இங்கே ஊர் ஊராகக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். வடம்வலி என்பார்கள்; வலி என்றால் இங்கே இழுப்பு. அதில் எடைப் பிரிவு உண்டு. எங்கள் பிரிவில் ஏழு பேரின் மொத்த எடை 455 கிலோவைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எடை பார்ப்பார்கள். ஆக, 6.6 கிலோ அதிகம், ஆறு நாள் பாக்கி.

அணியின் கேப்டன் முருகன் அலட்டிக்கொள்ளவில்லை. "பேடிக்காண்டாம் சாரே. சனியாழ்ச்ச எல்லாரையும் ரெயின்கோட்டு போட்டு வேனுக்குள்ள அடைச்சு வச்சா வேர்த்தே பாதி போவும். மிச்சத்துக்கு மூத்திர மாத்திரை உண்டு."

"போன வருஷமும் அப்படித்தானே செஞ்சீங்க? என்ன ஆச்சு?"

"எடை கிட்டிச்சு."

"அப்புறம்?"

பின்னாலிருந்து பிஜு என்ற இளைஞன் சொன்னான்: "பின்ன என்ன, முதல் ரவுண்டுலயே தோத்தோம். சந்திரன் அண்ணன் கயித்தப் பிடிச்சுக்கிட்டே ஒறங்கிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி ஆளாகக் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மயங்கி விழுந்து இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றிக்கொண்டவர் அவர். நானும் சிரிக்கவில்லை. அந்தத் தராசில் என் டிகிரியும் ஏறி நின்றது.

2. ஐம்பத்தெட்டு வயது மாணவன்

முப்பத்தொரு ஆண்டு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஐம்பத்தாறில் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டே அத்லெடிக் டிரெயினிங் எம்.எஸ்சி. வகுப்பில் சேர்ந்தேன். கோச் வேறு, அத்லெடிக் டிரெய்னர் வேறு. ஆட்டக்காரர் காயப்படாமல் பார்த்துக்கொள்வது, காயப்பட்டால் முதலில் கை வைப்பது, மறுபடி எப்போது இறங்கலாம் என்று சொல்வது எல்லாம் டிரெய்னரின் வேலை. பள்ளி மைதானத்தில் சுளுக்குக்கு நான் செய்த வைத்தியங்களில் பாதி தவறு என்று முதல் செமஸ்டரில் தெரிந்தது. பட்டியல் போட்டுப் பார்த்தேன், பதினேழு தவறுகள்.

வகுப்பில் பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு நரைமுடி கிடையாது.

கடைசி ஆண்டில் ஒரு அணியோடு நூற்றிருபது மணி நேரம் களப்பணி செய்ய வேண்டும். அதை முடிக்காமல் தேர்வு எழுத விட மாட்டார்கள். ஒரு கிரிக்கெட் அகாடமி, இரண்டு ஃபுட்பால் கிளப், ஒரு நீச்சல் குளம் ஆகிய நான்கு இடங்களில் கேட்டேன். நான்கு பேரும் என் வயதைக் கேட்டுவிட்டு மரியாதையாக டீ கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாவதாகத்தான் இந்த மூட்டைத் தொழிலாளர் அணி. முருகனுக்கு வயது பிரச்சினையில்லை. "வலிக்கிறவன் நாங்கதானே சாரே, நீங்க வெறுதே நின்னாப் போதும்" என்றார்.

என் களப்பணிக்கு மேற்பார்வையாளர் பிரியா மேடம், நாகர்கோவில்காரர், முப்பத்தொரு வயது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சார், எடை குறைக்க ஒருத்தர் மாத்திரை போட்டாலும் சரி, வேனுக்குள்ள உட்கார்ந்தாலும் சரி, உங்க போஸ்டிங்கை அன்னைக்கே கேன்சல் பண்ணிருவேன். மணிக்கணக்கு ஒண்ணுகூடக் கிடைக்காது."

நான் அதுவரை எண்பத்தாறு மணி முடித்திருந்தேன்.

3. பிஜுவின் மனைவி அம்மா வீட்டுக்குப் போனது

மூன்று வாரமாக ஏழு பேரையும் தினமும் காலையில் நிறுத்து எழுதி வைத்திருந்தேன். அதற்கு எனக்கு 'படிக்கல் சாமி' என்று பெயர் கிடைத்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும்போது நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்ட் 12 முதல் 14 வரை பிஜுவின் எடை மட்டும் 1.1 கிலோ இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. அவன் காய்ச்சலில் படுக்கவில்லை, பயிற்சிக்கும் வழக்கம்போல வந்திருந்தான். பாதி வழியில் இறங்கி அவனுக்குப் போன் செய்தேன்.

"அதுவா சாரே? பொண்டாட்டி அம்ம வீட்டுக்குப் போயிருந்தா. மூணு நாளும் பிரெட்டும் முட்டையும்தான்."

கல்லூரிக்குப் போய் நோட்டை மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நாலாவது யூனிட்ல இருக்கே சார். நார்ச்சத்து குறைச்சா குடல்ல தங்குற கழிவு குறையும். ஒரு ஆளுக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ கிடைக்கும். தண்ணி குறையாது, பலமும் குறையாது. அந்தக் கிளாஸ்ல தூங்கினீங்களா?"

தூங்கவில்லை. குறிப்பெடுத்திருந்தேன், சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். ஆனால் பரீட்சைக்கான விஷயமாகவே அது மனதில் தங்கிவிட்டது. சாலைத் தெருவில் மூட்டை தூக்குபவர்களின் வயிற்றுக்குள் இருக்கிற விஷயம் என்று தோன்றவில்லை.

ஏழு முக்கால் ஐந்தேகால். ஏழு ஒன்று ஏழு. எங்களுக்கு வேண்டியது 6.6.

4. வெள்ளைச் சோறு

அன்று மத்தியானம் முதல் சிவப்பரிசி, மரச்சீனிக் கிழங்கு, பயறு, தோரன் என்கிற பொரியல், ஏத்தன் வாழைப்பழம் எதுவும் கூடாது. குழைந்த வெள்ளைச் சோறு, தயிர், முட்டை, மீன், பிரெட் மட்டும். உப்பு பாதி. தண்ணீர் எப்போதும்போல. இதைச் சொன்னதும் கலகம் வெடித்தது.

"வெள்ளைச் சோறு தீனம் வந்தவன் திங்கிறதுல்லா சாரே!" என்றார் முருகன்.

"தயிர்சாதம் தின்னு வடம் வலிச்சா கயிறுதான் நம்மள வலிக்கும்" என்றான் பிஜு.

"சாமி நம்மள அக்ரகாரத்துல சேக்கப் பாக்காரு" என்று இன்னொருவர்.

நான் நேராகச் சொன்னேன்: "ஒரு மூட்டை குறைச்சலா தூக்கினீங்கன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்." பிறகு அவர்கள் தூக்கும் மூட்டைகளை எண்ணினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் முந்தைய வாரத்து எண்ணிக்கையே வந்தது. அதற்குப் பிறகு யாரும் கலகம் செய்யவில்லை, புலம்பினார்கள். ஜென்மத்தில் முட்டை தொடாத நான் தினமும் இருபத்தெட்டு முட்டை வாங்கி, அவித்து, உரித்து எடுத்துப் போனேன்.

செவ்வாய் 461.0. புதன் 459.7. வியாழன் 458.3. வெள்ளி 457.1. சனி 455.9.

5. மாத்திரை

இன்னும் தொள்ளாயிரம் கிராம். ஆனால் ஒரு ஆளுக்கு எண்ணூறு கிராம் ஏற்கெனவே இறங்கிவிட்டது. புத்தகத்தில் சொன்ன முக்கால் கிலோவைத் தாண்டியாயிற்று. இனி இறங்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு முருகன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"பாதிப் பாதி சாரே. மேடம் அறிய மாட்டாங்க."

"நானே சொல்லிடுவேன்."

"சொன்னா உங்க பரீட்சைல்லா போவும்."

"போகட்டும்."

சொல்லிவிட்டேன், ஆனால் கை நடுங்கியது. அதற்குள் நூற்றேழு மணி நேரம் ஆகியிருந்தது.

சந்திரன்தான் மூட்டை மேலிருந்து எழுந்தார். "முருகா, சாருக்கு வேண்டி சொல்லல்ல. போன வருஷம் எனக்குக் கண்ணு இருட்டிப் போச்சு. என் மோள் மைதானத்துல நின்னு கரைஞ்சு அழுதா. மாத்திரைன்னா நான் இல்ல. எடை கூடினா என்னை மாத்தி மெலிஞ்ச ஆளை நிறுத்திக்கோ."

சந்திரன் இல்லாமல் அந்த அணிக்கு முதுகெலும்பு இல்லை. முருகனுக்கு அது தெரியும். அட்டையைச் சாக்கடையில் போட்டார். "ரெயின்கோட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சாமி, ராத்திரிக்கு என்ன திங்கணும், சொல்லும்."

"ரெண்டு முட்டை, நாலு பிரெட். தாகத்துக்குத் தண்ணி."

"தயிர்சாதம் இல்லையா?" என்று பிஜு கேட்டான். அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

6. களத்தில்

ஞாயிற்றுக்கிழமை காலை. கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் மைதானம். எடை மேடையில் எங்கள் ஆறு பேர் ஏறி இறங்கினார்கள். என் நோட்டில் 376.4. சந்திரன் 76.6-க்கு மேல் இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கணக்கை எட்டிப் பார்த்த நடுவர் என் கையைத் தட்டி, "சாரே, தப்பா கழிச்சிருக்கீங்க" என்றார். ஆமாம். 455-இல் 376.4 போனால் 78.6. வாழ்க்கையில் நான் தப்பாகக் கழித்த ஒரே கணக்கு அது என்று நினைக்கிறேன்.

சந்திரன் 78.3. மொத்தம் 454.7.

பிரியா மேடம் வந்திருந்தார். எடை முடிந்ததும் ஏழு பேருக்கும் தண்ணீர், உப்பிட்ட கஞ்சி, வாழைப்பழம். பதினொன்றரைக்கு முதல் ரவுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அணிகளைச் சாய்த்தோம். இறுதியில் விதுரா ஊர்ப்பக்கத்து அணி. எங்களைவிட இளைஞர்கள், ஆனால் உதடு வெடித்திருந்தது. எடைக்காக இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பார்கள் என்று மேடம் காதோடு சொன்னார். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும்; முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவதில் கயிறு முப்பது விநாடி அசையவே இல்லை. பிறகு அவர்களில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்தது. சந்திரன் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. என் ஸ்டாப்வாட்சில் நாற்பத்தெட்டு விநாடி. விசில்.

கெண்டைக்கால் பிடித்தவரிடம் முதலில் ஓடியது நானும் மேடமும்தான். காலை நீட்டிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டுத் திரும்பியபோது, எங்கள் ஏழு பேரும் ஒரு கோப்பையையும் ஒரு ஏத்தன் குலையையும் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். குலைதான் பரிசு. நின்ற இடத்திலேயே அறுபத்துநான்கு பழமும் தீர்ந்தன.

7. படிக்க வருகிறவர்களுக்கு

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "மூட்டை தூக்குகிறவர்கள் அத்லெட்டா?" எடை நோட்டையும் மூட்டை நோட்டையும் அவர் முன் வைத்தேன். அரை மணி நேரம் புரட்டினார். வகுப்பில் இரண்டாவதாகத் தேறினேன். இப்போது ஒரு கல்லூரி ஃபுட்பால் அணிக்கு நான்தான் டிரெய்னர். வயதைக் கேட்டு டீ கொடுத்து அனுப்பிய இரண்டு கிளப்புகளில் ஒன்று, போன வருடம் தன் ஆட்டக்காரரை என்னிடம் அனுப்பியது.

கற்றது இதுதான். பாடத்தில் இருப்பதெல்லாம் உங்கள் முன் நிற்கும் உடம்பில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஆள் நேற்று என்ன தின்றார், வீட்டில் யார் சமைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். குறுக்கு வழி கண்ணெதிரே வந்தால், டிகிரி போனாலும் போகட்டும் என்று சொல்லப் பழகுங்கள். சொல்லும்போது கை நடுங்கினால் பரவாயில்லை.

சேர நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கடைசியில் கேட்பது செலவு. நான்கு செமஸ்டர் கட்டணம் 3,00,000. தேர்வுக் கட்டணம் 14,800. புத்தகம், டேப், கருவிகள் 31,240. பஸ், ஆட்டோ 27,615. ஆக மொத்தம் மூன்று லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.