எட்டாவது சுற்று வரை

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சந்தைக்குப் போனால் முதல் கடையில் கண்ணில் படும் மீனை வாங்கிவிடுவேன். அடுத்த கடையில் அதைவிட நல்ல மீன் இருப்பதைத் திரும்பும் வழியில்தான் பார்ப்பேன். மீனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு வருடங்களுக்கு முன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே செய்தேன். அவன் அப்போது கப்பலில் இருந்தான். அப்பா, அம்மா இல்லாத வீட்டில் நான்தான் பெரியவள். பெண் வீட்டார் டீ கொடுத்துவிட்டு, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். அவனை ஒரு வார்த்தை கேட்காமல், உட்கார்ந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டேன். அக்கா சொல்லிவிட்டாளே என்று அவனும் தாலி கட்டினான். இரண்டு வருடம்கூட அவர்கள் சேர்ந்து இருக்கவில்லை.

அவன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அழுது, எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான். லீவில் ரங்கூன் வந்தால் சட்டை எடுக்கக்கூடத் தனியாகத்தான் போவான். நான் சமைத்துப் போடுவேன், அவன் சாப்பிடுவான். இப்படியே நாலு வருடம் போனது.

அதனால்தான் போன ஆகஸ்டில் அவன் போன் செய்து, "அக்கா, ஒரு வேல இருக்கு, ஒன்னால முடியுமா?" என்று கேட்டபோது, என்ன வேலை என்று தெரியாமலே முடியும் என்றேன்.

வேலை இதுதான். முன்பு ஒரு கப்பலில் அவனோடு இருந்த அமெரிக்கர்கள் சிலர் அவர்கள் ஊர்க் கால்பந்தை வைத்துப் போனில் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். கால்பந்து என்று பெயர்தானே தவிர, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணி அமைக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அந்த ஆள் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி. ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. மனைவி பிரிந்துபோன பிறகு தம்பி மனம்விட்டுச் சிரித்துப் பேசுவது இந்தக் கூட்டத்தோடு மட்டும்தான் என்று எனக்குத் தெரியும்.

"ஆளெடுக்குற அன்னிக்கு நான் நடுக்கடல்ல இருப்பேன், நெட் இருக்காது. நீதான் எடுக்கணும். ஒரு நிமிஷத்துல எடுக்கலேன்னா கம்ப்யூட்டரே எடுத்துரும். அப்புடி விட்டா அடுத்த வருஷம் என்னயச் சேக்க மாட்டானுங்க. லிஸ்ட் அனுப்புறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. குவாட்டர்பேக்க எட்டாவது சுத்து வரைக்கும் தொடாத."

குவாட்டர்பேக் என்பவன் பந்தை எறிகிறவன். அணியே அவனைச் சுற்றித்தான். அப்படிப்பட்டவனை எதற்குக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அணிக்கு அவன் ஒருத்தன் போதும், ஓடுகிறவர்களும் பந்தைப் பிடிக்கிறவர்களும்தான் நிறைய வேண்டும், அவர்களில் நல்லவர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள் என்றான். எனக்கு உடனே புரிந்தது. லைங் தாயாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நான் லைன் சூப்பர்வைசர். காலர் தைக்க லைனுக்கு ஒரு ஆள் போதும். பக்கத் தையலுக்கு ஆறு பேர் வேண்டும். காலையில் ஆள் குறைந்தால் நான் முதலில் ஓடிப் பிடிப்பது பக்கத் தையல்காரிகளைத்தான்.

புரிவது வேறு, பொறுத்திருப்பது வேறு. அவன் பட்டியலில் மூன்று குவாட்டர்பேக்குகளின் பெயர் இருந்தது. அந்த மூன்று பெயரையும் வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு, எட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆளெடுக்கும் நாள் வந்தது. அவர்களுக்கு மாலை என்றால் நமக்குக் காலை ஆறு மணி. மிங்கலா தாங்ஞுன்ட்டில் நாலாவது மாடியில் என் வீடு. ஐந்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. மின்வெட்டில் அன்று எங்கள் பேட்டையின் முறை. போன் டேட்டாவில், தடை செய்த பக்கங்களைத் திறக்கும் விபிஎன் போட்டு உள்ளே நுழைந்தேன். என் முறை ஐந்தாவது. திரையின் மேலே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் சுற்றில் ஓடுகிறவன், இரண்டாவதில் பிடிக்கிறவன், மூன்றாவதில் இன்னொரு ஓடுகிறவன் என்று பட்டியல்படி எடுத்தேன். நாலாவது சுற்றில் தம்பியின் முதல் குவாட்டர்பேக்கை யாரோ தூக்கிக்கொண்டு போனான். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஆறரைக்குத் தெருமுனையில் ஃபெரி வரும். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஒரு கையில் சோற்று டப்பா, ஒரு கையில் போன், குடையை இடுக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். பஸ்ஸில் ஏறும்போது ஐந்தாவது சுற்று முடிந்திருந்தது. ஆறாவதில் இரண்டாவது குவாட்டர்பேக்கும் போனான். திரையின் ஓரத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடம் இருந்தது. உன் அணியில் பந்து தானாகவே பறக்குமா என்று ஒருவன் தம்பியின் பெயருக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். மற்றவர்கள் சிரிக்கும் முகப் படம் போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னால்தானே அவனுக்கு இந்தக் கேலி.

ஏழாவது சுற்றில் என் முறை வந்தபோது மூன்றாவது பெயர் இன்னும் அங்கேயே இருந்தது. அதன் மேல் விரலை வைத்துவிட்டேன். அழுத்தவில்லை, வைத்திருந்தேன். நாற்பது நொடி, முப்பது நொடி. இப்போது எடுத்தால் தம்பிக்கு வேண்டியவன் கிடைப்பான். ஆனால் எட்டு என்று சொல்லியிருக்கிறான். ஏழுக்கும் எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். அன்றைக்கு அந்த வீட்டில் சரி என்று சொன்னவளும் இவள்தான். பத்து நொடி இருக்கும்போது விரலை எடுத்துப் பட்டியலில் அடுத்திருந்த பிடிக்கிறவனை எடுத்தேன். மூன்று பேர் தாண்டுவதற்குள் அந்தக் குவாட்டர்பேக்கையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் ஃபெரி பாலத்துக்கு முன்னால் சோதனை வரிசையில் நின்றுவிட்டது. சில நாள் சிப்பாய்கள் போனை வாங்கிப் பார்ப்பார்கள். விபிஎன் இருந்தால் இறக்கிவிடுவார்கள், அதோடு முடிந்தால் நம் அதிர்ஷ்டம். பஸ்ஸில் பேச்சு நின்றது. பக்கத்தில் இருந்த பட்டன் மெஷின் பெண் என் முழங்கையை இடித்து, "அமா, போனை உள்ளே வைங்க" என்று பர்மிய மொழியில் கிசுகிசுத்தாள். அமா என்றால் அக்கா. பைக்குள் வைத்தேன். விளையாட்டை மூடவில்லை. எட்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. பைக்குள்ளே சோற்று டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் என் முறையின் நொடிகள் ஓடத் தொடங்கின. முன் கதவு திறந்தது. ஒரு சிப்பாய் படியில் கால் வைத்து ஆட்களை எண்ணுகிறவன்போலப் பார்த்தான். தலையை நிமிர்த்தி அவன் பக்கமே பார்த்துக்கொண்டு, கட்டைவிரலால் தடவித் தடவிக் குவாட்டர்பேக் வரிசைக்குப் போனேன். அவன் டிரைவரிடம் திரும்பிய ஒரு கணம் குனிந்து, மிச்சம் இருந்தவர்களில் மேலே இருந்த பெயரை அழுத்தினேன். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. என் ரவிக்கை நனைந்திருந்தது மழையால் மட்டும் அல்ல.

மிச்சச் சுற்றுகளைப் பாலம் தாண்டியும், தொழிற்சாலை வாசலில் நின்றும் முடித்தேன். ஒன்றைக்கூடக் கம்ப்யூட்டருக்கு விடவில்லை. மூன்று பெயரும் போனது வருத்தம்தான். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு ஒரு பெருமை இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன இடம் வரைக்கும் பொறுத்திருந்தேன். இதை அவன் பார்க்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

ஒன்பது நாள் கழித்துக் கப்பல் துறைமுகம் சேர்ந்தது. மத்தியானச் சோற்று நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, எட்டுலயா எடுத்த?"

"நீ எட்டுன்னுதான சொன்ன."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். "எட்டுன்னு சொன்னாத்தான் நீ அஞ்சுலயாவது எடுப்பேன்னு நெனச்சேன்க்கா. எனக்கு வேண்டியது அஞ்சுதான். அஞ்சுன்னு சொல்லிருந்தா ரெண்டுலயே எடுத்துருப்ப."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பிக் கொடுத்தான் என்று நான் நினைத்தது நம்பிக்கையே இல்லை. நான் பொறுக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டு, அதற்கு மூன்று சுற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கிறான். அதையும் நான் கெடுத்துவிட்டேன், சொன்னபடி செய்து.

"ஏழாவது சுத்துல அந்த ஆளு மேல வெரல வச்சும் அழுத்தாம விட்டேன்டா," என்றேன். "நீ சொன்னேங்குறதுக்காக. ஒன் கல்யாணத்துக்கப்புறம் நீ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. மொத மொதல்ல கேட்ட. அதுக்காகத்தான் பொறுத்தேன்." கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"எனக்கு அந்த அக்காவத்தான தெரியும்," என்றான். குரல் இறங்கியிருந்தது. பிறகு, "நாளைக்கு மறுபடி கடலுக்குப் போறோம். ஞாயித்துக்கெழம மொத ஆட்டம். யார எறக்குறது, யார ஒக்கார வைக்குறதுன்னு நீ பாரு" என்றான்.

"எப்புடின்னு எழுதி அனுப்பு."

"மாட்டேன்க்கா," என்றான். "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி."

போனை வைத்துவிட்டு, சோற்றைத் தொடாமல், ஞாயிறு வரை எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன். நாலு நாள் இருந்தது. அவசரம் இல்லை.