பிளக் அவர்களுடையது, சுவர் நம்முடையது

எலக்ட்ரீஷியனுக்கு வேலையில் பிடிப்பு உண்டு. விவாதத்தில் வெறியே உண்டு. மாநில அரசு ஆஸ்பத்திரியில் ஃபேன் கழற்ற ஏணியில் ஏறினால், கீழே ஏணியைப் பிடித்திருப்பவருக்கு மத்திய அரசு நம் வரிப்பணத்தை எப்படி அள்ளிக்கொண்டு போகிறது என்று பாடம் எடுத்துவிட்டுத்தான் இறங்குவார். ஏணி பிடிப்பவர் பாவம், கையை விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மச்சினன் தபால் ஆபீஸில் வேலை பார்த்தான். மத்திய அரசுச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டால், கூடத்தில் இரண்டு அரசாங்கங்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தெருவில் சாக்கடை அடைத்தால் இவர் அந்தப் பக்கம் கை காட்டுவார், அவன் இந்தப் பக்கம் கை காட்டுவான். எலக்ட்ரீஷியனின் மனைவி இருவருக்கும் தட்டை நகர்த்திவிட்டு, "சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா அது எந்த அரசாங்கத்தோட தப்புன்னு பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விடுவாள்.

தொற்று வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. விவாதம் மட்டும் போனுக்குக் குடிபோனது. எல்லையை மூடியது யார், ஊசி வாங்க வேண்டியது யார் என்று மாமனும் மச்சினனும் காது சுடச் சுடப் பேசினார்கள்.

அப்போதுதான் மத்திய அரசு அனுப்பிய ஆக்சிஜன் மெஷின்கள் லாரியில் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால் பிளக்கின் பின்கள் தடித்தடியாக இருந்தன, வார்டுச் சுவரில் இருந்த ஓட்டைகளோ சின்னவை. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "மாத்திடறேன் சார்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"சார், பிளக் அவங்களோடது, சுவர் நம்மளோடது. அவங்க பொருள்ல நாம எதுக்கு சார் கை வைக்கணும்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையைத்தான் உருட்டுவாங்க. அவங்களே ஆள் அனுப்பி மாத்தட்டும்."

பெரிய டாக்டருக்கு இது தேனாக இனித்தது. வேலை செய்யாமலிருக்க இவ்வளவு நல்ல காரணம் லேசில் கிடைத்துவிடுமா? அவர் தன் மேலதிகாரியிடம் சொன்னார், மேலதிகாரி செயலாளரிடம் சொன்னார். ஒருநாள் மாலை டிவியில் மந்திரியே மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பிளக் அவர்களுடையது, சுவர் நம்முடையது! உரிமையை ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம்!" என்று முழங்கினார். மத்திய அரசு சும்மா இருக்குமா? "ஓட்டையைச் சின்னதாகப் போட்டுவிட்டு எங்கள்மேல் பழியா?" என்று பதிலறிக்கை விட்டது. ஓட்டைகளை அளந்து பார்க்க இரு அரசுகளும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டன. மெஷின்கள் கட்டில்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையோடு நின்றன.

எலக்ட்ரீஷியனுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, டிவி பாத்தியா? அது நான் சொன்னதுடா!"

"சுவர் உங்களோடதுன்னா ஓட்டையைப் பெருசாக்க வேண்டியதுதானே, மாமா?"

"ஆக்கலாம், செலவை யார் குடுப்பா? உங்காளு குடுப்பானா?"

மறுமுனையில் மச்சினன் இருமினான். விடாமல் இருமினான். பதில் இல்லாமல்தான் இருமுகிறான் என்று நினைத்து எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

அந்த வாரமே மச்சினனை அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் வார்டில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டிருந்தது. மனைவி அழவில்லை. அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து கையில் திணித்தாள்.

"போய் மாத்துங்க."

"கமிட்டி இன்னும் முடிவு சொல்லல..."

"உங்க சுவத்துக்குப் பக்கத்துல என் தம்பி மூச்சு முட்டிக் கெடக்கான். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, செத்தாலும் உங்க மொகத்துல முழிக்க மாட்டேன். மாத்துங்க."

அவர் ஓடினார். கவச உடையை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது மச்சினனின் உதடு நீலம் பாரித்திருந்தது. கட்டிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டையில் யாருடையதோ ஒரு செல்போன் சார்ஜர் தொங்கியது.

"அண்ணே, அது எங்களுதுண்ணே." வாசலில் முகமூடியோடு ஒரு பெண் நின்றாள். அவள் கையில் ஒரு பையும், ஒரு ஜோடி ஆண் செருப்பும் இருந்தன. "எல்லாச் சாமானையும் குடுத்துட்டாங்க, அதை மட்டும் மறந்துட்டாங்க. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

சார்ஜரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பழைய பிளக்கை நறுக்கினார். வயரைச் சீவி, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த சின்னப் பிளக்கில் முறுக்கி, திருகி, சுவரில் செருகினார். மெஷின் முனகத் தொடங்கியது. நர்ஸ் குழாயை மச்சினன் மூக்கில் வைத்தாள். எலக்ட்ரீஷியன் திரும்பினால், அந்தப் பெண் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுதும்மா."

"இவ்வளவுதானா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு இதே கட்டில்லதான் இருந்தாரு. அந்த மெஷினைக் காட்டிக் காட்டிக் கேட்டாரு. பெரிய கோளாறு, மேலேர்ந்து ஆள் வரணும்னு சொன்னாங்களே?"

மந்திரியின் வாய்வரை போன வாக்கியத்தைச் சொன்னவர், நறுக்கிப் போட்ட பிளக்கைத் தரையிலிருந்து பொறுக்கினார். அவள் சார்ஜர் வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மச்சினன் பிழைத்தான். மற்ற மெஷின்களுக்கும் அன்றைக்கே பிளக் மாறியது. எங்கள் மெஷின் உயிர்களைக் காத்தது என்று ஒரு அரசும், எங்கள் பிளக் காத்தது என்று இன்னொரு அரசும் விளம்பரம் கொடுத்தன. கமிட்டிக்குக் காலநீட்டிப்பு கிடைத்தது.

உடம்பு தேறிய மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆள் பாதியாகியிருந்தான், வாய் மட்டும் இளைக்கவில்லை. தட்டின் முன் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"சொல்லுங்க மாமா. என்னைக் காப்பாத்துனது எங்க மெஷினா, உங்க பிளக்கா?"

எலக்ட்ரீஷியன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது ரொம்பச் சின்ன வேலை, மாப்ளே" என்றார் அவர். அப்புறம் கை கழுவ எழுந்து போனார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.