ரேமில் வைத்த பொட்டு

கள்ளக்குறிச்சியில் லேப்டாப் பழுது பார்ப்பவர் அவர். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்வார். அதனால் பேச்சு கம்மி.

என் மகளுக்கு அன்று மதியம் லேப்டாப்பில் வேலைக்கான இண்டர்வியூ. வீடியோ போட்டாலே அது ஹேங் ஆகி நின்றுவிடும். மெமரியைக் கூட்ட ஆன்லைனில் ரேம் வாங்கி, கச்சிராயபாளையத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி அவர் கடைக்குப் போனோம்.

ரேமை மாட்டினார். திரை கறுப்பாகவே கிடந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

“இன்னாங்க இது, செவப்பா?”

“குங்குமம்ங்க. புதுப் பொருளாச்சேன்னு எங்க வூட்ல பொட்டு வெச்சாங்க.”

“கரண்டு பாயுற எடமாப் பாத்து வெச்சிருக்காங்க!”

பென்சில் ரப்பரால் பொறுமையாகத் தேய்த்து, திரும்ப மாட்டினார். திரை வெளிச்சமானது. ஆனால் இண்டர்வியூவுக்கு நேரம் நெருங்கியிருந்தது.

“வூட்டுக்குப் போய்க்கினு இருந்தா லேட்டாயிடும் பாப்பா. இங்கியே குந்திப் பேசு. நெட்டு இருக்குது.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வெயிலில் நின்றார். வந்தவர்களை, “உள்ள இண்டர்வியூ நடக்குது, அப்பறம் வாங்க” என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்.

எங்களை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.