மெரியானா அக்காவின் பஞ்சுத் திரி

மெரியானா அக்கா ஆட்டு ரோமத்தை எறியும்போது பார்க்க வேண்டும். கத்தரித்து முடித்த ரோமம் ஒரே துண்டாகத் தரையில் கிடக்கும். அதை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு மேசைவரை ஓடி, ஒரே வீச்சில் மேலே எறிவாள். உதறிப் போட்ட படுக்கைவிரிப்பு மாதிரி அது விரிந்து, சுருக்கமே இல்லாமல் மேசைமேல் படியும். மாஸ்டர்டன் ஊருக்குக் கிழக்கே, கடலோர மலைப் பண்ணைகளில் கொட்டகை கொட்டகையாகப் போய் வேலை செய்த எங்கள் கூட்டத்தில், அப்படி எறிய வேறு ஆள் கிடையாது. அவள் புருஷன் தூரோவா அந்த ரோமத்தை இயந்திரத்தில் அமுக்கிப் பொதி கட்டுவான். நான் சமையல். என் பெயர் செண்பகம் என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் ‘குக்கி’.

அக்கா புகைப்பாள். சிறு வயதிலிருந்தே. ஒரு கையால் புகையிலையைத் தாளில் சுருட்டுவாள், மறு கையால் நாயை விரட்டுவாள். கொட்டகைக்குப் பக்கத்தில் நெருப்பே ஆகாது என்பதால் நாய்க்கூண்டுகளைத் தாண்டிப் போய்த்தான் பற்றவைக்க வேண்டும். போய்த் திரும்புவதற்குள் நான் போட்டுவைத்த தேநீர் ஆறிப்போகும்.

ஒரு நாள் ரோமத்தைத் தூக்கி எறியும் அந்த நொடியில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பாதி ரோமம் மேசையில், பாதி தூரோவாவின் தலையில். கொட்டகையே சிரித்தது. தூரோவா முக்காடு போட்ட மணப்பெண் மாதிரி நின்றான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. என் நெஞ்சுக்குள்ள ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டு என் வேலையைக் கெடுக்குறான். அவனைக் காலி பண்ண வைக்கிறேனா இல்லையா பாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய் ஒரு வேப் வாங்கி வந்தாள். மாம்பழ வாசனைத் திரவம் ஊற்றி இழுக்கும் கருவி. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அதற்குள் திரவத்தைச் சூடாக்கும் ரெடிமேட் கம்பிச் சுருள், ‘காயில்’ என்பார்கள், கருகிவிட்டது. மாற்றுக் காயில் வாங்க மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஊருக்குப் போக வேண்டும். வாரத்தின் நடுவில் அது நடக்கிற காரியமா? அவளுடைய கை பழைய புகையிலைப் பையைத் தேட ஆரம்பித்தது.

அப்போது கைகொடுத்தவன் யெஸ்டின். வேல்ஸ்காரன். அவன் ஊரில் குளிர் தொடங்கியதும் விமானமேறி எங்களிடம் வந்து ஆடு கத்தரிப்பவன். தன்னுடைய பழைய வேப் ஒன்றை எடுத்துவந்து மேல்மூடியைத் திருகித் திறந்து காட்டினான். உள்ளே சின்ன மேடை, இரண்டு குட்டித் தூண்கள், ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி.

“இதுக்குக் கடையே வேணாம் ஆன்ட்டி. கம்பியும் பஞ்சும் இருந்தாப் போதும். காயிலை நீங்களே சுத்திக்கலாம்.”

“நானா? ஊசியில நூல் கோக்கவே இவரைக் கூப்பிடுறவ நான்.”

“நான் கோத்துக் குடுத்ததே இல்ல” என்றான் தூரோவா.

“அதான்யா சொல்றேன். கூப்பிடுவேன், வரமாட்ட.”

சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மெல்லிய கம்பியைத் துளைபோடும் ஊசித் தண்டின்மேல் வரிவரியாகச் சுற்ற வேண்டும். அக்கா சுற்றினாள். விட்டதும் அது விரிந்துகொண்டு அவள் மூக்குக்கண்ணாடியில் போய் இடித்தது. மறுபடி சுற்றினாள். ஒருவழியாகச் சுருள் நின்றது. அதன் இரண்டு கால்களையும் தூண்களில் மாட்டித் திருகினாள். யெஸ்டின் அதை மின்தடை காட்டும் சிறு பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“கம்பியோட வால் நீட்டிக்கிட்டு அடித்தட்டுல தொடுது. ஷார்ட் ஆகும்.”

“இதை அப்படியே பேட்டரியில மாட்டினா?”

“பேட்டரி கொதிச்சுப் போகும். அதான் எப்பவும் முதல்ல இந்தப் பெட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் மாட்டணும்.”

தூரோவா நாற்காலியோடு எழுந்தான். “குக்கி, என் டீயை அந்தப் பக்கம் கொண்டா. இங்க என் பொண்டாட்டி குண்டு செய்றா.”

வாலை ஒட்ட நறுக்கியபின் பெட்டி சரியான எண்ணைக் காட்டியது. பேட்டரியில் மாட்டிப் பொத்தானை விட்டுவிட்டு அழுத்தியபோது சுருளின் ஓர் ஓரம் மட்டும் சிவந்தது. அதை லேசாக வருடி, பீங்கான் முனை இடுக்கியால் நெருக்கிப் பிடிக்கச் சொன்னான் யெஸ்டின். அப்படிச் செய்ததும் சிவப்பு நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாகப் பரவியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “ஏ, குக்கி! வந்து பாரு. நான் செஞ்சது!” என்று கத்தினாள். நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது.

அடுத்தது பஞ்சு. சுருளுக்குள் பஞ்சைக் கோத்து, ஓரங்களை வெட்டி, பள்ளத்தில் இறக்கி, திரவத்தைச் சொட்டவேண்டும். எல்லாம் செய்துவிட்டு, ஆசையாக ஓர் இழுப்பு இழுத்தாள். மறுகணம் கண்ணில் நீர் வரத் துப்பினாள். கருகல்.

“பஞ்சு அதிகம்” என்றான் யெஸ்டின். குறைத்தாள். திரவம் ஒழுகிக் கால்சட்டையெல்லாம் மாம்பழம். கொஞ்சம் கூட்டினாள். கருகல். அதே சுருளில் யெஸ்டின் பஞ்சு வைத்தால் இனிக்க இனிக்க ஆவி வரும். அவள் வைத்தால் கருகும். அந்த வாரம் முழுக்க இதே கதை. இரண்டு கைப்பிடிப் புகையிலையும் நடுவில் செலவாயிற்று. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கடைசியில் யெஸ்டினின் பஞ்சும் தீர்ந்துபோனது. அக்கா தளரவில்லை.

“காலடியில இத்தனை நல்ல ரோமம் கிடக்கு. இதைவிடவா அந்தப் பஞ்சு?”

“வேணாம் ஆன்ட்டி” என்று யெஸ்டின் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டு ரோமத்தைத் திரித்து உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். தலைமுடி தீய்ந்த நாற்றம் சாப்பாட்டு அறையை நிரப்பியது. கத்தரிப்பவர்கள் தட்டோடு வெளியே ஓடினார்கள். நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன.

“ஓடியாங்க!” என்று வாசலில் நின்று கத்தினான் தூரோவா. “என் பொண்டாட்டி ஆட்டை வெட்டாமலே வறுக்குறா!”

அக்கா சிரித்தாள். ஆனால் அன்று அவள் சீக்கிரமே எழுந்து போய்விட்டாள். தட்டு எடுக்கப் போனபோது பார்த்தேன், படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து பழைய பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரிக்கவில்லை. சும்மா வைத்திருந்தாள்.

என் அறையில் வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஒரு பொட்டலம் பஞ்சு எப்போதும் இருக்கும். அதையும் மேசையில் கிடந்த வேப்பையும் எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, திரி போடுறது எனக்குப் பழக்கம். நான் ஒண்ணு வச்சுப் பார்க்கட்டுமா?”

“வையேன். உன் சாமி கோவிச்சுக்காதா?”

“பஞ்சுதானே அக்கா. இன்னும் நிறைய இருக்கு.”

விளக்குத் திரிபோல இறுக்காமல் தளர்வாக விட்டுக் கோத்தேன். திரவம் சொட்டினேன். உடனே உறிஞ்சிக்கொண்டது. அவள் இழுத்தாள். வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தாள். கருகவில்லை.

“எப்படிடீ?”

எனக்கும் தெரியவில்லை. அதே பஞ்சில் அவளையும் ஒரு திரி போடச் சொன்னேன். அவள் வழக்கம்போல விரலால் நீவி நீவி உருட்டினாள். அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். அந்தச் சொட்டு உள்ளே இறங்காமல், சேம்பு இலைத் தண்ணீர்போல உருண்டு நின்றது.

“அக்கா, கையைக் காட்டுங்க.”

காட்டினாள். நாளெல்லாம் ரோமத்தை அள்ளுகிற கை. அதன் எண்ணெய்ப் பசை தோலுக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. அந்த வயதில் யாருக்கும் அவ்வளவு மிருதுவான உள்ளங்கை இருக்காது. அந்தப் பசைதான் பஞ்சில் ஏறி, திரவத்தை உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது.

யெஸ்டினைக் கூப்பிட்டாள். “டேய், நீயும் ஆடு தொடுறவன்தானே? உன் திரி மட்டும் எப்படி நனையுது?”

அவன் தலையைச் சொறிந்தான். “நான் பஞ்சைக் கையால தொடமாட்டேன் ஆன்ட்டி. இடுக்கியாலதான் எடுப்பேன். சொல்ல மறந்துட்டேன்போல.”

“மறந்துட்டேன்போல!” ஈரத் துண்டால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். “என் நெஞ்சு ஒரு வாரமாக் கருகுது. இவரு மறந்துட்டாராம்!”

அதன்பிறகு கொஞ்ச நாள், வேலை இடைவேளையில் நான் தேநீரோடு ஒரு திரியும் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அவளுக்கு அது பிடிக்கவில்லை. தன் காரியத்தை இன்னொருத்தி செய்து கொடுப்பது அவளுக்கு ஆகாது.

பிறகு மழை பிடித்தது. ஈர ஆட்டைக் கத்தரிக்கக் கூடாது. கத்தரிப்பவர்கள் ஆட்டைத் தொட்டுப் பார்த்துக் கைதூக்கி ஓட்டுப் போட்டார்கள். ஈரம் என்று முடிவாயிற்று. எல்லாரும் சீட்டாட உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் என் பாத்திரத் தொட்டிக்கு வந்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கை நிறைய ஊற்றிச் சுடுதண்ணீரில் தேய்த்தாள். நான் போதும் என்றேன், கேட்கவில்லை. மறுநாளும் மழை, மறுநாளும் தேய்த்தாள். பிறகு மேசைக்குப் போய்ப் புதுக்கம்பியைச் சுற்றினாள், வாலை நறுக்கினாள், பெட்டியில் பார்த்தாள், ஓரம் சிவந்ததை வருடிச் சரிசெய்தாள். இடுக்கியால் பஞ்சைக் கோத்தாள். யெஸ்டின் வாயைத் திறந்தான். “நீ சீட்டைப் பாரு” என்றாள்.

முதல் இழுப்பு. அவள் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்து மேசைமேல் படர்ந்தது. சீட்டுக்கட்டே மறைந்துபோனது.

“இனிக்குதா?” என்று தூரோவா கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

“இனிக்குதுய்யா” என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆவி படிந்திருந்தது என்று சொன்னாள்.

பழைய பையைத் தூரோவாவிடம் கொடுத்துவிட்டாள். அவன் விடவில்லை, இன்றைக்கும் புகைக்கிறான். அவள் அவனை நச்சரிப்பதும் இல்லை. யெஸ்டின் ஊருக்குக் கிளம்பும்போது தன் இனத்து வழக்கப்படி மூக்கோடு மூக்கு ஒற்றி வழியனுப்பினாள். அவன் சட்டைப்பையில் தான் சுற்றிய சுருள்கள் சிலவற்றைப் போட்டு, “உன்னுது கோணலா இருக்கு, இதை வச்சுக்க” என்றாள். இருமல் ஒரே நாளில் போய்விடவில்லை. குளிர்காலம் முழுக்க இருந்து, மெல்ல மெல்லத்தான் தணிந்தது.

அடுத்த பருவத்தில் மூவரும் ஒரே வண்டியில் புதுப் பண்ணைக்குப் போனோம். அக்கா இழுத்து ஊதிக்கொண்டே பாடினாள். அந்த ஆவியில் தூரோவாவுக்குச் சாலை தெரியவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினான்.

“என் தொப்பி, என் கோட்டு, என் நாய், எல்லாம் மாம்பழ நாத்தம். பசங்க என்னை எப்படிக் கூப்பிடுறானுங்க தெரியுமா குக்கி?”

“எப்படி?”

“மாம்பழம்னு.”

“நல்ல பேருதான்” என்றாள் அக்கா. “அடுத்த வாரம் புதினா வாங்குறேன். அப்போ வேற பேரு வைப்பானுங்க.”