இரண்டு விரல் குறைந்த தொப்பி

என் அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது பழங்களோடு ஒரு பை நிறைய வெள்ளைப் பருத்தி நூல் உருண்டைகளும் கொண்டுவந்தார். மகன் துபாயிலிருந்து அனுப்பியது.

"உல்லன் தொப்பி போட்டா அவனுக்கு நெத்தியெல்லாம் செவந்து அரிக்கிதாம். ஒங்க பொண்ணு நல்லா பின்னுமாமே. இந்த நூல்ல ஒண்ணு போட்டுக் குடுக்கட்டும், பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எதற்கென்று என் உம்மாவுக்குப் புரிந்தது. மகனின் தலைச் சுற்றளவுக்கு முடிச்சிட்ட ஒரு நூலையும் கொடுத்துவிட்டு, அவன் விடுமுறையில் வரும்போது சேர்ந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்போது பட்டுக்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம், அதோடு படிப்பு நின்றுவிடும் என்பது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு. படித்து முடித்துவிடுகிறேன் என்று ராத்தா ஒரே ஒரு தடவை சொன்னாள். சவூதியிலிருந்த வாப்பா, "இந்த மாதிரி எடம் திரும்ப வராதும்மா" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்கள் டிவி உறை முதல் தொப்பி வரை எல்லாவற்றையும் உல்லன் நூலில்தான் பின்னினார்கள். அது இழுத்த இழுப்புக்கு வரும்; கணக்குத் தப்பினாலும் தலையில் எப்படியோ உட்கார்ந்துவிடும். பருத்தி நூல் விட்டுக்கொடுக்காது. தொட்டால் அத்தனை மென்மை. நான் ஓர் உருண்டையைக் கன்னத்தில் வைத்தபடி படுத்திருப்பேன். ஆனால் ஊசியின் கொக்கி அதன் இழைகளுக்கு நடுவே புகுந்து நூலைப் பிரித்துவிடும். உல்லனுக்குப் பழகிய இறுக்கத்தில் கண்ணி போட்டால் அடுத்த சுற்றில் ஊசியே நுழையாது. முதல் நாள் ராத்தா பின்னியதைவிடப் பிரித்ததுதான் அதிகம்.

"மெத்துன்னு இருந்துக்கிட்டு என்னா முரண்டு பண்ணுது பாரு" என்றாள்.

பெரிய ஊசிக்கு மாறினாள். கையைத் தளர்த்தினாள். சிறு துண்டொன்றைப் பின்னி, நனைத்து, ஜன்னல் கம்பியில் உலர்த்தி, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தாள். மெல்ல மெல்ல நூல் அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கியது.

ஒரு மதியம் தொப்பி முடிந்தது. முடிச்சு நூலை அதன் விளிம்பில் சுற்றினாள். முனைகள் அச்சாகச் சேர்ந்தன. உம்மா அடுப்படியில் இருந்தார். ராத்தா தொப்பியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு நூல் முனையைப் பிடித்து இழுத்து, உச்சிவரை பிரித்தாள்.

"ஏன் ராத்தா? சரியாத்தானே இருந்திச்சு?"

"சரியில்ல. நீ உருண்டையைச் சுத்து."

சுற்றினேன். இந்த முறை கண்ணிகளைக் குறைத்துப் பின்னினாள். பருத்தி பிறகு இளகிக்கொடுக்கும் போலிருக்கிறது என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை தொப்பியை வாங்கித் தலையில் வைத்தார். அது உச்சியில் நின்றது. கீழே இழுத்தார், இறங்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"புது நூலு பாருங்க, அவளுக்குப் பழக்கமில்ல" என்றார் உம்மா அவசரமாக.

மாப்பிள்ளையின் உம்மா தொப்பியை வாங்கி உட்புறம் திருப்பிப் பார்த்தார். விரலால் சுற்றுச் சுற்றாகத் தடவினார். "பழக்கமில்லாத கை மாதிரித் தெரியலியே. அளவு நூலு எங்கம்மா?"

ராத்தா உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். தொப்பியைச் சுற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு விரல் குறைந்தது.

"கண்ணிய எண்ணித்தான் போட்டியா?"

"எண்ணித்தான் போட்டேன் மாமி."

ராத்தா தலை குனியவில்லை. உம்மாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. ராத்தாவுக்கு எண்ணத் தெரியாது என்று இந்த மாமி நினைத்துவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. அவளைக் காப்பாற்ற என்னை விட்டால் அங்கே ஆள் இல்லை.

"மாமி, மொதல்ல போட்டது கச்சிதமா இருந்திச்சு! ராத்தாதான் பிரிச்சுட்டு சின்னதாப் போட்டா!"

மாப்பிள்ளை ராத்தாவை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் உம்மாவைப் பார்த்து, "கெளம்புவோமா?" என்றார்.

அந்த அம்மாள் உடனே எழவில்லை. தொப்பியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"படிப்பு எப்ப முடியிது?"

"இன்னும் ஒரு வருசம் இருக்கு மாமி."

"முடிச்சுக்க." உம்மாவிடம் திரும்பி, "புள்ள படிக்கட்டும். வேற எடம் பாக்குறோம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். தொப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வாசல் கதவு சாத்தியதும் உம்மா என் தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போனது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியிதா இந்தச் சனியனுக்கு!" பிறகு வாப்பாவுக்குப் போன் போட்டு, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன நூலால் வந்த வினை என்று அழுதார்.

என்னால்தான் கெட்டது என்று நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். ராத்தா ஒரு தட்டோடு வந்தாள். விருந்தாளிகளுக்கென்று முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இனிப்பாக அவித்த வட்டலாப்பம். அவர்கள் தொடவே இல்லை. தன் பங்கையும் என் பங்கோடு சேர்த்து வைத்திருந்தாள். அழுகையை நிறுத்தச் சொல்லாமல் என் தலையைக் கோதிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இவ்வளவு பெரிய தப்பையும் மன்னித்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.