ஹீட்டு ஏறினால் நின்றுபோகும் பாட்டு

1. காதில் விழுந்ததும் மண்டையில் ஏறியதும்

“மெக்கானிக்கு, ஒரே பேஜாராப் பூட்ச்சிபா. ஹீட்டு ஏறசொல்ல எல்லாம் பாட்டு நின்னுப் பூடுது. மத்தியானம் மச்சான் வர்றான். நாஷ்டா துண்ணியோ துண்ணலியோ, அப்படியே கெளம்பி வா.”

ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டில் இட்லி. போனில் தணிகாசலம் அண்ணன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் மெல்ட்டர். பழைய இரும்பை உலையில் போட்டு உருக்குவது அவர் வேலை. அவர் வீட்டு ஹாலில் இருக்கிற ஆம்ப்ளிஃபையர், ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு, நெட்டிலிருந்து பாட்டை எடுத்துப் பாடுகிற, போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஸ்ட்ரீமர், எல்லாம் என் கைங்கரியம்.

இந்த ஆடியோ மெக்கானிக் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் என்னைப் பற்றி ஒரு தகவல். எனக்குப் பயம் வந்தால் இரண்டு காரியம் நடக்கும். வாய் தானாக இங்கிலீஷ் பேசும். கை தானாக ஸ்க்ரூடிரைவரை எடுக்கும். எதைக் கழற்றுவது என்பதை அதன் பிறகுதான் யோசிப்பேன்.

“அண்ணே, இது தெர்மல் ப்ரொடெக்‌ஷன். ஆம்ப்ளிஃபையர் ஹீட்டாவுது, அதான் கட் ஆவுது. டோன்ட் வொரி” என்றேன். இட்லி தட்டிலேயே இருந்தது.

ஹீட்டு என்றால் சூடு. சூடு ஏறினால் ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒரு டேபிள் ஃபேனை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2. எதற்காக இவ்வளவு அவசரம்

தணிகாசலம் அண்ணனின் மனைவி கோமளா அண்ணி பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். இப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். வேலைக்குப் போகிற வேனில் பாடிக்கொண்டே போவார். யாரோ அதை போனில் எடுத்துப் போட, சென்னையிலிருந்து சின்ன ஸ்டுடியோக்காரர்கள் சிலர் தேடி வந்து ஒரு பாட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பாட்டு வெள்ளிக்கிழமைதான் ஸ்ட்ரீமிங்கில் வந்திருந்தது. சாதாத் தரத்திலும் உண்டு, ஹை-ரெஸ் என்கிற உயர்ந்த தரத்திலும் உண்டு.

அண்ணிக்கு ஓர் அண்ணன், பெயர் எத்திராஜ். சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். தங்கை பாடத் தொடங்கினால் “ஏரியில கீற கொக்கு எல்லாம் எழுந்து ஆந்திராவுக்குப் போயிட்ச்சி” என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லியே அண்ணியை வீட்டில் பாட விடாமல் ஆக்கியவர். அந்த எத்திராஜ்தான் மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறார். அவரை உட்கார வைத்து, முழுப் பாட்டையும் நிற்காமல் போட்டுக் காட்ட வேண்டும். நடுவில் நின்றால் அவர் என்ன சொல்வார் என்பது ஏரியில் மிச்சமிருக்கிற கொக்குகளுக்கும் தெரியும்.

நான் உள்ளே நுழைந்ததும் அண்ணி கேட்டது ஒன்றுதான்.

“தம்பி, கடைசில வாத்தியம் எல்லாம் நின்னு, என் கொரலு மட்டும் வரும். அந்த எடம் வரிக்கும் போனா போதும். ஒரு தபா கூட இந்த ஊட்ல அது வரிக்கும் போவல.”

“போவும் அண்ணி. சிம்பிள் ப்ராப்ளம்” என்றேன். இங்கிலீஷ் வந்துவிட்டது, கவனியுங்கள்.

3. மோர்ப்பானை மாதிரி ஆம்ப்ளிஃபையர்

பாட்டைப் போட்டார் அண்ணன். டிஸ்ப்ளேயில் 96 என்று காட்டியது. அது வந்தால் ஹை-ரெஸ் சரியாக வருகிறது என்று அர்த்தம். இதற்கே போன வாரம் ஒரு நாள் போயிற்று. அண்ணன் போனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பிவிட்டு “காசெல்லாம் கட்டியும் அதே சத்தந்தான் கீது” என்றார். போன் வெறும் ரிமோட்தான், பாட்டை ஸ்ட்ரீமரே நெட்டிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும், ப்ளூடூத்தில் அனுப்பினால் வழியிலேயே பாதி சுருங்கிவிடும் என்று புரிய வைத்து, ஸ்ட்ரீமருக்குத் தனியாக ஒரு நெட்வொர்க் வயரை ரூட்டரிலிருந்து இழுத்துக் கொடுத்திருந்தேன்.

பாட்டு அழகாக ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு, அண்ணி குரல் ஒரு சொல்லின் பாதியில் இருக்கும்போது, நின்றது.

“பாத்தியா? ஹீட்டு ஏறிட்ச்சி” என்றார் அண்ணன்.

ஆம்ப்ளிஃபையர் மேல் கையை வைத்தேன். மோர்ப்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது.

யோசிக்கத் தெரிந்தவன் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் டேபிள் ஃபேனை ஆன் செய்தேன். ஜில்லென்று இருக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு எதிரே நாற்காலி போட்டு, ஃபேனை மூன்றில் வைத்து, மேல் மூடியையும் கழற்றிவிட்டேன். அண்ணி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, அதுக்கு வேர்க்குதா?”

“ப்ரிகாஷன் அண்ணி.”

மறுபடி போட்டோம். மறுபடி நின்றது. இந்த முறை வேறொரு இடத்தில். நெட்வொர்க் வயரை மாற்றினேன். நின்றது. “சர்வர் சைடு இஷ்யூ” என்றேன். சர்வர் எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. அதனால் அந்தப் பதில் கொஞ்ச நேரம் தாங்கியது.

பிறகு கோழைத்தனமாக ஒரு யோசனை சொன்னேன். “அண்ணி, சாதா குவாலிட்டில போட்டுடலாமா? உங்க அண்ணனுக்கு இன்னா வித்தியாசம் தெரியப் போவுது?” என்று சொல்லிக்கொண்டே மாற்றிப் போட்டேன். பாட்டு முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் ஓடியது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அண்ணி தலையை ஆட்டினார். “கடைசில பாட ஆரம்பிக்கசொல்ல நான் ஒரு மூச்சு இழுப்பேன். ஸ்டுடியோல பெரிய ஸ்பீக்கர்ல கேட்டேன், பக்கத்துல நின்னு இழுக்குறா மாதிரி இருந்திச்சி. இதுல ‘ஸ்ஸ்’னு கேக்குது, தோசை ஊத்துறா மாதிரி. எனக்கு அந்த மூச்சு வேணும் தம்பி.”

மூச்சுக்காக ஒரு நெட்வொர்க்கே மூச்சு வாங்க வேண்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. ஹை-ரெஸ்ஸுக்கும் நல்ல சாதாவுக்கும் வித்தியாசமே இல்லை என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பாதி நாள் நானும் அந்தக் கட்சி. ஆனால் அன்று அந்த ஹாலில், சிக்கனமான அந்தச் சாதாவில், அது தோசைதான்.

அப்போதுதான் வேறொன்று உறைத்தது. ஆம்ப்ளிஃபையர் சூடாகி நிற்கிறது என்றால் சாதாப் பாட்டுக்கும் நிற்க வேண்டும். அதற்கு எந்தப் பாட்டும் ஒன்றுதான். அப்படியென்றால், ஹை-ரெஸ் என்றால் மட்டும் ஏன் நிற்கிறது? பயம் சற்றே விலகி, அதன் இடத்தில் ஓர் அரிப்பு வந்து உட்கார்ந்தது. தெரிந்தே ஆக வேண்டும் என்கிற அரிப்பு. தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். எனக்கு நன்றாக ஓடுகிற ஒரே சிந்தனை படுத்தபடி வருவதுதான்.

4. “ஆம்ப்ளிஃபையருக்கு ஏதுண்ணே ஷிஃப்ட்?”

படுத்திருந்த என்னைப் பார்த்து அண்ணனுக்குப் பாவமாகிவிட்டது.

“உடு நைனா. இந்த ஹீட்டு எறக்கிட்டாங்க. அடுத்த ஹீட்டு போட இன்னும் நேரம் கீது. அது வரிக்கும் நிக்காது.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “ஆம்ப்ளிஃபையருக்கு ஏதுண்ணே அடுத்த ஹீட்டு? அதுக்கு இன்னா ஷிஃப்டா?”

“ஆம்ப்ளிஃபையரா? யோவ், நான் ஃபர்னஸைச் சொல்றேன்யா! பின்னாடி தெருவுல கம்பெனி கீதே, அங்க ஹீட்டு போட்டா இங்க பல்பு கண்ணடிக்கும். நானே மெல்ட்டரு, எனக்குத் தெரியாதா?”

பிள்ளைகளே, உலை வேலையில் ஹீட்டு என்றால் சூடு இல்லை. ஒரு முறை உலையை நிரப்பி, உருக்கி, ஊற்றுகிற ஒரு ஈடு. “இன்னிக்கு எத்தினி ஹீட்டு எடுத்தே?” என்றுதான் டீக்கடையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இந்த ஊரில் இத்தனை வருடம் டீ குடித்தவன் நான். அந்தச் சொல் தினம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. போனில் வந்தபோது மட்டும் ஆம்ப்ளிஃபையராகக் கேட்டுவிட்டது. அண்ணன் காலையிலேயே நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான்தான் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“ஆனா அண்ணே, ஆம்ப்ளிஃபையரு, ஸ்ட்ரீமரு எல்லாம் ஸ்டெபிலைசர்லதான கீது? வோல்டேஜ் எறங்குனா அதுங்களுக்கு இன்னா?”

“அத்தத் தெரிஞ்சிக்கத்தான உன்னிய கூப்ட்டேன்?”

நியாயம்.

ஸ்டெபிலைசரில் இல்லாதது எது என்று ஒவ்வொன்றாக வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்ட்ரீமரிலிருந்து கிளம்பிய வயர் சுவர் ஓரமாகப் போய், சமையலறைக் கதவுக்கு மேலே, தினசரி காலண்டருக்குப் பின்னால் மறைந்தது. காலண்டரைத் தூக்கினால் ரூட்டர். அதன் அடாப்டர் நேரே சுவர் ப்ளக்கில். தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் நிஜமாகவே சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான்.

பாட்டை மறுபடி ஹை-ரெஸ்ஸில் ஓடவிட்டு, ஸ்டூல் போட்டு அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பின்தெருவில் அடுத்த ஹீட்டு தொடங்கியது. ஹால் பல்பு ஒரு முறை மங்கி எழுந்தது. ரூட்டரின் பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒன்றொன்றாக முதலிலிருந்து எரியத் தொடங்கின. பாட்டு மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நின்றது.

“ஆஹா!” என்று கத்தினேன். ஸ்டூல் ஆடியது. அண்ணி ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமருக்குள்ளும் அப்படி ஒரு சின்னத் தொட்டி உண்டு. நெட்டிலிருந்து வருவதை அதில் நிரப்பிக்கொண்டுதான் பாடும். சாதாப் பாட்டு, குழாயை மெல்லத் திறந்த மாதிரி. கீழே மோட்டார் நின்றாலும் தொட்டி காலியாவதற்குள் மோட்டார் திரும்ப ஓடிவிடும். ஹை-ரெஸ், குழாயை முழுசாகத் திறந்த மாதிரி. ரூட்டர் விழுந்து எழுவதற்குள் தொட்டி காலி. கிழடு தட்டிய அடாப்டருக்கு அந்தச் சின்ன வோல்டேஜ் இறக்கத்தைத் தாங்கத் தெம்பில்லை. கழற்றிப் பார்த்தபோது உள்ளே கெப்பாசிட்டர் பூரி மாதிரி உப்பியிருந்தது.

5. வண்டி நின்றது

ஸ்டெபிலைசரில் மாட்டினாலும் பயனில்லை; இறங்கின வோல்டேஜை அது ஏற்றிக் கொடுக்கிற நொடிக்குள் உப்பிய அடாப்டர் விழுந்துவிடும். வேறு அடாப்டர் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, பஜாரில் எல்லாக் கடைக்கும் ஷட்டர். “ஹீட்டு இல்லாத நேரமாப் பாத்து போடலாமே அண்ணே?” என்றேன்.

“ஹீட்டு போடறது இன்னா என் கையிலயா கீது? நம்ம மச்சான் சாப்ட்டு கை கழுவுற நேரமாப் பாத்துதான் போடுவானுங்க” என்றார்.

வாசலில் “கோமளா!” என்று ஒரு கனத்த குரல். எத்திராஜ் வந்துவிட்டார். கையில் இறால் பை.

எனக்குக் கை தானாக ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. அதுதான் வழக்கமாயிற்றே. ஆனால் இந்த முறை எதைக் கழற்ற வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ரூட்டர் ஓடுவது பன்னிரண்டு வோல்ட்டில். என் மோட்டார் சைக்கிள் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்.

அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பேட்டரியை உருவிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். கிழட்டு அடாப்டரின் வயரை வெட்டி, மீட்டர் வைத்து ப்ளஸ் மைனஸ் பார்த்து, பார்த்ததை நம்பாமல் மறுபடி பார்த்து, நடுவில் ஒரு ஃபியூஸும் போட்டு இணைத்தேன். பேட்டரியைக் கதவோரத்து அலமாரி மேல் வைத்து, ரூட்டரை மறைத்துக் காலண்டரைத் தொங்கவிட்டேன். விளக்குகள் பச்சையாக எரிந்தன.

எத்திராஜ் வேட்டியில் கை துடைத்துக்கொண்டே வந்து சோஃபாவில் சாய்ந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், எதிரே இன்னும் நின்றுகொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போடு, பாக்கலாம். கொக்கு பறக்குதா இல்லியான்னு.”

அண்ணி சமையலறைக் கதவருகே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியது. மூன்றாம் நிமிடம் ஹால் பல்பு மங்கி எழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காலண்டர் ஓரத்தில் கசிகிற வெளிச்சத்தைப் பார்த்தேன். பச்சை. ஆனால் உடம்புக்கு யார் சொல்வது? எழுந்து நின்றுவிட்டேன்.

“இன்னாபா, ஸ்க்ரூடிரைவரைத் தூக்கினு நிக்குறே? என்னியக் குத்தப் போறியா?” என்றார் எத்திராஜ்.

உட்கார்ந்தேன். பல்பு இன்னொரு முறை மங்கியது. பாட்டு ஓடியது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஹாலில் ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சுவரில் எதுவும் இல்லாத இடத்திலிருந்து, யாரோ ஆழமாக மூச்சு இழுத்தார்கள்.

எத்திராஜ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். “யாரது மூச்சு வுடறது?”

“நாந்தாண்ணா” என்றார் கோமளா அண்ணி, கதவருகிலிருந்து.

அந்தக் குரல் தனியாக எழுந்து, போய், முடிந்தது. எத்திராஜ் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா போடு.”

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. அதன் பிறகு கஸ்டமர் வாயிலிருந்து எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த சொல் வந்தால் உடனே நிறுத்தி, “நீங்க அதை இன்னான்னு சொல்றீங்க?” என்று கேட்டுவிடுகிறேன். தெரியாத சொல்லில் நான் ஏமாந்ததே இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வேனே.

அன்று சாயங்காலம்வரை எத்திராஜ் கிளம்பவில்லை. அதனால் பேட்டரியையும் எடுக்க முடியவில்லை. டேபிள் ஃபேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். தெருமுனை திரும்பும்வரை அந்தப் பாட்டு பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது.